பழைய பெற்றோல் பிக்கப்புக்கு டீசல் எஞ்சின்: எஞ்சினைச் சுற்றி இருக்கிறதுதான் வேலை

பழைய ரொயோட்டா ஹைலக்ஸ் பிக்கப்பின் பொனற்றைத் திறந்து, உள்ளே அறைந்திருக்கும் தகட்டைத் துணியால் துடைத்துவிட்டு வாசியுங்கள். மொடல் இலக்கம் வைஎன் என்று தொடங்கினால் அது வை வகைப் பெற்றோல் எஞ்சினோடு வந்த வாகனம். ஆர்என் என்றால் ஆர் வகைப் பெற்றோல். எல்என் என்றால் பிறப்பிலேயே டீசல். எஞ்சின் என்ன குடும்பம் என்பதை ரொயோட்டா அந்த முதல் எழுத்திலேயே சொல்லிவிடுகிறது. கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கம் இன்னும் நெல்லும் மீனும் ஏற்றி ஓடுகிற 1988–1997 காலத்து வைஎன், ஆர்என் வாகனங்களை டீசலுக்கு மாற்றுவது பற்றித்தான் இந்தப் பதிவு. மற்றக் கம்பனி வாகனம் வைத்திருப்பவர்களுக்கும் முக்கால்வாசி பொருந்தும்.

எஞ்சினைத் தூக்கி உள்ளே இறக்குவது ஒரு நாள் வேலை. பிறேக்குக்கு வக்கியூம் (காற்றை இழுக்கும் வெறுமை) எங்கிருந்து வரும், டீசல் எந்த வழியால் திரும்பி ராங்கிக்குப் போகும், சூட்டை ரேடியேற்றர் தாங்குமா, பின் அச்சிலுள்ள டிபரென்சலின் பல்லு விகிதம் ஒத்துவருமா என்று பார்த்து முடிக்கத்தான் இரண்டு மூன்று கிழமை வேண்டும். அதைப் பார்க்காமல் எஞ்சின் மட்டும் மாற்றின வாகனங்கள்தான் ஆறு மாதத்தில் கராஜ் மூலையில் நிற்கின்றன.

எஞ்சினுக்குக் காசு கொடுக்கும் முன் சசியை, அதாவது வாகனத்தின் அடிச்சட்டத்தைப் பாருங்கள். கடற்கரைப் பக்கம் மீன் ஏற்றின வாகனமென்றால் ஐஸ் கரைந்த உப்புத்தண்ணி வருசக்கணக்காகப் பெட்டியின் இடுக்கால் சசியில் வடிந்திருக்கும். வெளிப்பக்கம் பெயின்ற் வடிவாக இருக்கும். உள்ளே தகடு தாளாகப் போயிருக்கும். பின் வில்லுத் தகட்டின் முன்பூட்டு இருக்கும் இடத்தையும், பெட்டிக்குக் கீழே சசி மேல்நோக்கி வளையும் இடத்தையும் சின்னச் சுத்தியலால் தட்டிக்கொண்டே போங்கள். நல்ல இரும்பு கணீரென்று கேட்கும், போன இரும்பு மந்தமாகக் கேட்கும். கூரான திருப்புளியைக் குத்தி அமத்தினால் உள்ளே போகிற இடம் ஒன்று இருந்தாலும் அந்த வாகனத்துக்கு டீசல் எஞ்சின் வேண்டாம். டீசல் பாரம் கூடினது, அதிர்வும் கூடினது. இற்ற சசி அதைத் தாங்காது.

எந்த எஞ்சின்?

ரொயோட்டா எல் குடும்பத்தில் 2எல் 2446 சிசி, 3எல் 2779 சிசி, 5எல் 2986 சிசி. மூன்றும் ரர்போ இல்லாதவை, பொறிமுறைப் பம்பில் ஓடுபவை. எங்கள் தேவைக்கு 3எல் தான் நடு. 91 குதிரைவலு என்று கேட்டால் குறைவாகத் தெரியும். ஆனால் வன்னியில் ஏற்றம் இல்லை. ஏ9 வீதியிலும் பரந்தனிலிருந்து முல்லைத்தீவு போகும் ஏ35 வீதியிலும் பதினைந்து நெல் மூடை, அதாவது ஒரு தொன் அளவு ஏற்றிக்கொண்டு போக 3எல் தாராளம். ரர்போ பூட்டின 2எல்-டி, 2எல்-டிஇ எஞ்சின்கள் மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம். ஒருமுறை சூடேறினால் வால்வுகளுக்கு நடுவில் ஹெட் வெடிக்கிற குணம் அவற்றுக்கு உண்டு. 2எல்-டிஇ இன் பம்ப் வேறு கொம்பியூட்டரை நம்பி ஓடுவது. அது பழுதானால் ஒட்டுசுட்டானில் ஒரு கராஜில் வைத்துத் திருத்துகிற காரியமில்லை.

நாட்டுக்குள் 3எல் பெரும்பாலும் டொல்பின் வானிலிருந்துதான் (ரொயோட்டா ஹையேஸ்) வருகிறது. கொழும்பு பஞ்சிகாவத்தையில் இறக்குமதி எஞ்சினாகவும் கிடைக்கும். இங்கே ஒரு சிக்கல். வானில் எஞ்சின் இருக்கைக்குக் கீழே கிடக்கும், பிக்கப்பில் பொனற்றுக்குள் நிற்கும். அதனால் வான் எஞ்சினின் அடியில் ஒயில் நிற்கும் தொட்டியான சம்பும், சம்புக்குள் ஒயில் உறிஞ்சும் குழாயும், எஞ்சின் மவுண்ட் பிறக்கற்றும் பிக்கப்பின் முன் குறுக்குச்சட்டத்துக்கு ஒத்துவராது. சம்ப் சட்டத்தில் இடிக்கும். சம்பை வெட்டி வெல்டிங்கில் ஒட்டலாம் என்று சொல்வார்கள், செய்யாதீர்கள். குழாயின் வாய்க்கும் சம்பின் அடிக்கும் இடையிலுள்ள இடைவெளி பிழைத்தால் பிறேக் பிடிக்கும்போது ஒயில் முன்னுக்கு ஓட, பம்ப் காற்றை உறிஞ்சும். பெயரிங் போவதற்கு அது போதும். உடைந்த எல்என் ஹைலக்ஸ் ஒன்றின் 2எல் சம்ப், குழாய், டிப்ஸ்ரிக், மவுண்ட் பிறக்கற் நான்கையும் ஒன்றாகத் தேடி எடுங்கள். 2எல் இன் சம்ப் 3எல் இல் பூட்டும்.

எஞ்சினை மட்டும் வாங்குவது மலிவாகத் தெரியும், முடிவில் அதுதான் விலை கூடினது. பெல் ஹவுசிங், பிளைவீல், கிளச் பிளேட், பிரஷர் பிளேட், ஸ்ராட்டர், பின்னால் வக்கியூம் பம்ப் உள்ள அல்ரனேற்றர், டீசல் பில்ரர் தலை கைப்பம்போடு, ஸ்ராட்டுக்கு முன் சிலிண்டரைச் சூடாக்கும் ஹீற்றர் பிளக்கின் றிலேயும் ரைமரும், எயார் கிளீனர் பெட்டி, பான் (விசிறி), பான் கூடு, ரேடியேற்றர், முடிந்தால் கியர்பொக்ஸ். இவ்வளவும் ஒரே வாகனத்திலிருந்து வரவேண்டும். தனித்தனியாகத் தேடினால் ஒவ்வொன்றுக்கும் கொழும்பு பஸ் ஏற வேண்டிவரும். வயர்களைக் கடையில் வெட்டித் தருவார்கள். வெட்டவிடாதீர்கள்; பிளக்கோடு கழற்றி எடுங்கள். ஸ்ராட்டரில் ஒட்டியிருக்கும் தாளையும் வாசியுங்கள். சிறிய லொறிகளிலிருந்து வந்தவற்றில் 24 வோல்ற் ஸ்ராட்டர் கலந்து வரும்.

ஓடிக்காட்டுகிற எஞ்சின் நல்ல எஞ்சின் என்று நினைக்க வேண்டாம். சூடான எஞ்சின் எப்படியும் ஸ்ராட் வரும். காலையில் போய், கைவைத்துக் குளிராக இருக்கிறதா என்று பார்த்துவிட்டு ஸ்ராட் பண்ணச் சொல்லுங்கள். ஒயில் ஊற்றும் மூடியைக் கழற்றி வாயின்மேல் கவிழ்த்து வையுங்கள். மெல்ல ஆடினால் பிழையில்லை, துள்ளி விழுந்தால் பிஸ்ரன் றிங் தேய்ந்தது. கொம்பிரஷன் மீற்றர் உள்ளவர் ஒருவரைக் கூட்டிக்கொண்டு போனால் சந்தேகமே இல்லை. ஹீற்றர் பிளக் துளைகளால் பார்க்கவேண்டும். நல்ல எல் எஞ்சினில் சதுர சென்ரிமீற்றருக்கு 32 கிலோ காட்டும். 20க்குக் கீழ் போனால் எடுக்காதீர்கள். நான்கு சிலிண்டருக்கும் இடையில் வித்தியாசம் 5 கிலோவுக்கு மேல் இருக்கக்கூடாது. நான்கும் 26இல் நிற்கிற எஞ்சின், மூன்று 31இலும் ஒன்று 22இலும் நிற்கிற எஞ்சினைவிட நல்லது.

வெளியில் இருக்கும்போதே செய்யவேண்டியவை

எல் எஞ்சினில் கேம் சாப்டையும் டீசல் பம்பையும் ஒரே ரைமிங் பெல்ற்றுத்தான் சுற்றுகிறது. ஓட்டத்தில் அறுந்தால் பிஸ்ரன் வால்வில் மோதும். 100,000 கிலோமீற்றருக்கு ஒருமுறை மாற்றவேண்டிய பெல்ற் அது. பழைய எஞ்சினில் எத்தனை ஓடியிருக்கிறது என்று ஒருவருக்கும் தெரியாது. ஆகவே எஞ்சின் நிலத்தில் கிடக்கும்போதே பெல்ற், இழுத்துப் பிடிக்கும் பெயரிங், தண்ணிப் பம்ப், கேமினதும் கிராங்கினதும் முன் சீல், கிராங்கின் பின் சீல், கிளச் நடுவிலுள்ள பைலற் பெயரிங் எல்லாம் புதிது போடுங்கள். பின் சீல் சின்னச் சாமான். அது ஒழுகினால் கியர்பொக்ஸைத் திரும்ப இறக்கவேண்டும்.

பெல்ற்றைக் கழற்றும் முன் மூன்று புல்லியிலும் உள்ள குறிகளை ஒன்றுக்கு நேர் கொண்டுவந்து, வெள்ளைத் திருத்து மையால் ஒரு புள்ளி வைத்துக்கொள்ளுங்கள். டீசல் பம்ப் புல்லியில் கை கவனம். உள்ளே ஸ்பிரிங் தள்ளிக்கொண்டு நிற்பதால் பெல்ற் தளர்ந்ததும் டக்கென்று சில பல் அளவு தானாகத் திரும்பிவிடும். ஸ்பனரால் பிடித்து மெல்லத் திருப்பிக் குறிக்குக் கொண்டுவந்து, பிடித்தபடியே புதிய பெல்ற்றை ஏற்றவேண்டும். ஏற்றியபின் ஸ்ராட்டரைத் தொடவேண்டாம். கிராங்கைக் கையால் முழுதாக இரண்டு சுற்றுச் சுற்றுங்கள். மூன்று குறியும் திரும்ப நேரில் வந்து நிற்கவேண்டும். இடையில் எங்காவது கல்லில் முட்டினதுபோல் இறுகி நின்றால் பலவந்தம் பண்ணாமல் பின்னுக்குச் சுற்றி, முதலிலிருந்து தொடங்குங்கள். ஒரு பல் பிழைத்தாலும் எஞ்சின் ஓடும், ஆனால் வெள்ளைப் புகையும் தட்டும் சத்தமும் விடாது.

வால்வு இடைவெளியையும் இதோடு பாருங்கள். குளிர்ந்த எஞ்சினில் உள்வால்வு 0.20–0.30 மி.மீ., வெளிவால்வு 0.40–0.50 மி.மீ. கொம்பிரஷன் சரியென்றால் ஹெட்டைக் கழற்றத் தேவையில்லை. கழற்றியே ஆகவேண்டுமென்றால் இறுக்குவது 78 நியூட்டன் மீற்றர், பிறகு 90 பாகை, பிறகு இன்னொரு 90 பாகை. டீசலைத் தெளிக்கும் நொசில்களைக் கழற்றிச் சோதனை மேசையில் பார்த்துக்கொண்டால் அடியிலுள்ள வோஷர்களைப் புதிதாகவே போடுங்கள். பழைய வோஷர் திரும்ப இறுகாது. பக்கத்தால் காஸ் கசிந்து கரி கட்டும்.

தூக்குவதும் இருத்துவதும்

கியர்பொக்ஸோடு சேர்த்தால் கால் தொன்னுக்கு மேல் வரும். வேப்பங்கொப்பில் செயின் புளொக் கட்டித் தூக்குகிற வழக்கம் ஊரில் இருக்கிறது. கொப்பு முறியாவிட்டாலும் அசையும். அசைகிற எஞ்சினுக்குக் கீழே கைவைத்து மவுண்ட் போல்ற் நேர் பார்ப்பது ஆபத்து. இரண்டு அங்குலப் பைப் மூன்றில் முக்காலி அடித்து ஒரு தொன் செயின் புளொக்கைத் தொங்கவிடுங்கள்.

சட்டத்திலுள்ள பெற்றோல் பிறக்கற்றை எடுத்தவுடன் டீசல் பிறக்கற்றை ஒட்டிவிடாதீர்கள். எஞ்சினையும் கியர்பொக்ஸையும் ஒன்றாகப் பூட்டி, தொங்கவிட்டபடியே இடம் பாருங்கள். பான் இதழுக்கும் ரேடியேற்றருக்கும் இடையில் ஒரு அங்குலம். சம்புக்கும் குறுக்குச்சட்டத்துக்கும் இடையில் ஒரு விரல் நுழையவேண்டும். ஸ்ரியரிங் பெட்டிக்கும் சைலன்சர் குழாய்க்கும் அதற்குமேல் வேண்டும். பின்னால் கியர்பொக்ஸ் சாப்டும் டிபரென்சல் பினியனும் பக்கத்திலிருந்து பார்க்க ஒன்றுக்கொன்று சமாந்தரமாக நிற்கவேண்டும். இவ்வளவும் சரியென்றால் பிறக்கற்றுக்கு நான்கு புள்ளி ஒட்டு வைத்து, எஞ்சினை இறக்கி, ஒரு மணித்தியாலம் கழித்துத் திரும்ப அளந்துவிட்டு முழு ஒட்டும் போடுங்கள். ஒட்டும் முன் பற்றரியின் இரண்டு முனையையும் கழற்றுங்கள். ஒட்டும்போது பெற்றோல் ராங்கி வாகனத்தில் இருக்கவே கூடாது.

பாரம் கூடுவதால் முன்பக்கம் பதிந்து நிற்கும். இரண்டு சில்லு இழுவை ஹைலக்ஸின் முன்னுக்கு ரோர்ஷன் பார் என்கிற முறுக்குக் கம்பிதான். அதன் பின் நுனியிலுள்ள போல்ற்றை இரண்டு பக்கமும் சமனாக இறுக்கி உயரத்தைப் பழையபடி கொண்டுவரலாம். அதன்பிறகு சில்லு எலைன்மென்ற் பார்க்காவிட்டால் முன் ரயர் ஒருபக்கமாகத் தேயும்.

கியர்பொக்ஸ் நீளம் மாறினால் புரொப்பெலர் சாப்ட் நீளமும் மாறும். லேத்தில் கொடுத்து வெட்டி ஒட்டி பலன்ஸ் பண்ணுவிக்கவேண்டும். கண்மட்டத்தில் ஒட்டின சாப்ட் வேகம் பிடிக்கும்போது கியர்பொக்ஸின் பின் பெயரிங்கைத் தின்றுவிடும். குழாயின் இரண்டு நுனியிலுமுள்ள கவைகள் ஒரே தளத்தில் நிற்கவேண்டும்.

டிபரென்சல் விகிதத்தைக் கையால் எண்ணிப் பார்க்கலாம். ஒரு பின் சில்லு நிலத்தில் இருக்க, மற்றதை ஜாக்கில் தூக்குங்கள். நியூற்றலில் விட்டு, தூக்கின சில்லைச் சரியாக இரண்டு சுற்றுச் சுற்றுங்கள். சாப்டில் சோக்கட்டியால் கோடு போட்டிருந்தால் அது எத்தனை தரம் சுற்றுகிறது என்று எண்ணலாம். நான்கும் கொஞ்சமும் என்றால் 4.1, நான்கரைக்குச் சற்று மேல் என்றால் 4.556, ஐந்துக்குச் சற்றுக் குறைவென்றால் 4.875. 195-14 ரயரில் 60 கிலோமீற்றர் வேகத்தில் சில்லு நிமிடத்துக்கு ஏறத்தாழ 490 சுற்று. 4.1 இல் நேர் கியரில் (நான்காம் கியர்) எஞ்சின் 2000 சுற்றில் நிற்கும், 4.875 இல் 2400. டீசலுக்கு 4.1இலிருந்து 4.556வரை நல்லது. 4.875 இருந்தால் வயலுக்குள் இழுக்கும், ஏ9இல் 80க்குமேல் கத்தும். அப்படி இருந்தால் டிபரென்சல் உள்கட்டையும் சேர்த்து மாற்றுகிறதுதான் முறை.

பிறேக்

இந்த வேலையில் உயிரோடு விளையாடுகிற இடம் இதுதான். பெற்றோல் எஞ்சினில், பெடலை இலகுவாக்கும் பிறேக் பூஸ்டருக்கு வக்கியூம் உள்ளிழுக்கும் மனிபோல்ட்டிலிருந்து வருகிறது. டீசலில் காற்றை மறிக்கும் திறொட்டில் இல்லாததால் அங்கே போதிய வக்கியூம் இராது. பழைய குழாயைப் புது மனிபோல்ட்டில் சொருகிவிட்டால் பூட்டினதுபோல் தெரியும், பெடல் மரக்கட்டையாகிவிடும். அல்ரனேற்றரின் பின்பக்கத்தில் இருக்கும் வக்கியூம் பம்ப் தான் அதற்குரியது. அந்தப் பம்புக்கு எஞ்சின் ஒயில் போகவேண்டும், வரவேண்டும். போகிற குழாய் மெல்லியது, திரும்புகிற குழாய் தடித்தது; திரும்புகிறது எங்கும் மேல்நோக்கி வளையாமல் நேரே சம்புக்கு இறங்கவேண்டும். இரண்டு ஹோஸும் புதிது, ஒயிலுக்கென்று செய்தது. இதற்குச் சாதாரண தண்ணி ஹோஸ் போட்டால் ஊதிப் பிளந்து, சில நிமிடத்தில் சம்ப் காலியாகும். பூஸ்டருக்குப் போகும் குழாயில் ஒருவழி வால்வு சரியான பக்கம் பார்த்து இருக்கவேண்டும்.

சோதிப்பது சுகம். எஞ்சினை ஒரு நிமிடம் ஓடவிட்டு நிற்பாட்டுங்கள். பெடலை மூன்று தரம் மிதியுங்கள்: முதல் தரம் ஆழப் போகும், பிறகு ஒவ்வொரு தரமும் உயர்ந்து இறுகும். இறுகின பெடலை மிதித்துப் பிடித்தபடி ஸ்ராட் பண்ணினால் காலுக்குக் கீழே மெல்ல இறங்கும். இறங்காவிட்டால் வாகனம் முற்றத்தை விட்டு வெளியே போகக்கூடாது.

டீசல் வழி

பெற்றோல் ராங்கியை அப்படியே பாவிக்கலாம், ஆனால் கழற்றி, நன்றாகக் கழுவி, வெயிலில் காயவைத்துத்தான். துளை இருந்தால் ஒட்டப் போகாதீர்கள். காலி ராங்கியின் ஆவிதான் வெடிக்கிறது, வேறு ராங்கி தேடுங்கள். டீசல் பம்புக்கு வருகிற குழாயும், பம்பிலிருந்தும் நொசிலிலிருந்தும் மிச்சம் திரும்புகிற குழாயும் இரண்டும் வேண்டும். பெற்றோல் வாகனத்தின் திரும்பு குழாய் மெல்லியதாக இருந்தால் மாற்றுங்கள். பெற்றோல் ஆவியைப் பிடிக்கும் கரிப்பெட்டிக்குப் போன ஆவிக்குழாயை அடைத்துவிடாதீர்கள். ராங்கி மூச்சு விட வழியில்லாவிட்டால் அரை மணி ஓடியதும் இழுவை குறைந்து நின்று, மூடியைத் திறக்க உஸ்ஸென்று காற்று போகும். திரும்ப ஸ்ராட் வரும். பம்பில் பிழையென்று கழற்றித் தேடுகிற பல வாகனங்களுக்கு வருத்தம் இதுதான்.

மண்ணெண்ணெய் பற்றியும் சொல்லவேண்டும். யுத்தத்தின் பொருளாதாரத் தடைக்காலத்தில் பெற்றோல் வாகனங்களைக் கொஞ்சம் பெற்றோல் விட்டு ஸ்ராட் பண்ணி மண்ணெண்ணெயில் ஓட்டின பழக்கம் எங்கள் ஆட்களுக்கு உண்டு. வேறு வழியில்லாத காலம், அந்தப் பழைய எஞ்சின்களும் தாங்கின. அந்த நினைவில் டீசலுக்கும் மண்ணெண்ணெய் கலக்கலாம் என்று நினைப்பது பிழை. இந்த எஞ்சின்களின் பம்புக்குள் ஒயில் கிடையாது. உள்ளே ஓடுகிற டீசல்தான் அதற்கு எண்ணெய். மண்ணெண்ணெய்க்கு அந்த வழுவழுப்பு இல்லை. பம்பின் உள்கட்டை கீறி, சூட்டில் ஸ்ராட் வராமல் போகும். குளிர்ந்தால் வரும், சூடானால் வராது என்றால் பெரும்பாலும் பம்ப் தேய்ந்துவிட்டது.

பரலில் சேமித்து லான்ட்மாஸ்டருக்கு (இரண்டு சில்லு உழவு மெசின்) ஊற்றுகிற டீசலையே பிக்கப்புக்கும் ஊற்றுவதென்றால் பரலின் அடியில் ஒரு சாண் டீசலைத் தொடாதீர்கள், அங்கே தண்ணி நிற்கும். பில்ரரின் அடித் திருகைக் கிழமைக்கு ஒருமுறை தளர்த்தி ஒரு போத்தல் மூடியளவு வடித்துப் பாருங்கள். தண்ணி இருந்தால் அடியில் தனியே உருண்டு நிற்கும்.

வயர்

பெற்றோல் வாகனத்தில் தீப்பொறிக்கான கொயிலுக்குப் போன வயர்தான் இப்போது பம்பின் தலையிலுள்ள டீசல் நிறுத்தும் சொலினொயிட்டுக்கு (மின்சார வால்வு) போகவேண்டும். சில வாகனங்களில் கொயிலுக்கு முன் ரெசிஸ்ரர் இருக்கும். அதைத் தாண்டி முழு 12 வோல்ற் எடுங்கள். சாவியைத் திருப்பும்போது பம்பில் டிக்கென்று கேட்கவேண்டும். கேட்காவிட்டால் எவ்வளவு சுற்றினாலும் ஸ்ராட் வராது.

ஹீற்றர் பிளக்கில்தான் கூடப் பிழைக்கிறார்கள். எல் எஞ்சின்களுக்கு 6 வோல்ற் பிளக்கும் உண்டு, 12 வோல்ற் பிளக்கும் உண்டு. 6 வோல்ற் வகை அதற்குரிய றிலேயும் ரெசிஸ்ரரும் இருந்தால்தான். அதை அழுத்து சுவிச்சால் நேரடியாகப் பற்றரியில் பிடித்தால் நுனி உருகி, உடைந்து சிலிண்டருக்குள் விழலாம். பிளக்கின் உடம்பில் எண் அடித்திருக்கும், கழற்றிப் பாருங்கள். ரைமர் கிடைக்காவிட்டால் நான்கையும் 12 வோல்ற்றாக மாற்றி, பெரிய றிலே ஒன்றும் சுவிச்சும் போடுவது பாதுகாப்பு. இறுக்குவது 13 நியூட்டன் மீற்றர் மட்டும். வன்னி வெக்கையில் ஹீற்றர் எதற்கென்று கேட்பார்கள். இந்த எஞ்சினில் டீசல் பக்கத்துச் சிறு அறைக்குள் எரியத் தொடங்குகிறது. குளிர்ந்த இரும்பு அமுக்கின காற்றின் சூட்டை அங்கே குடித்துவிடும். சித்திரை வெயிலிலும் விடியப்புறம் சில வினாடி வேண்டும்.

பற்றரி என்70 அளவு. பழைய மெல்லிய பற்றரிக் கேபிளை விடாதீர்கள். எஞ்சினிலிருந்து சசிக்குத் தடித்த எர்த் ஒன்று தனியாகப் போடுங்கள். அது இல்லாவிட்டால் ஸ்ராட்டரின் கரண்ட் அக்சிலேற்றர் கேபிளால் போய் அதைச் சுட்டுவிடும். சூட்டு மீற்றரும் ஒயில் மீற்றரும் சரியாகக் காட்ட, பெற்றோல் எஞ்சினிலிருந்த சென்சர்களைக் கழற்றி டீசலில் பூட்டுங்கள். கொயிலில் எண்ணின ஆர்பிஎம் மீற்றர் இனி வேலை செய்யாது.

தண்ணியும் தூசும்

பெற்றோல் ரேடியேற்றர் முதல் நாள் தாங்கும். வைகாசியில் பாரம் ஏற்றும்போது கைவிடும். டீசலுக்குரிய தடித்ததைப் போடுங்கள். பானைச் சுற்றிய கூடு கட்டாயம், இதழின் அரைவாசி கூட்டுக்குள் இருக்கவேண்டும். மூடியில் 0.9 என்று அடித்திருக்கும். மூடி பழசென்றால் அதுவும் மாறட்டும். சூடேறுகிறதென்று தெர்மோஸ்ரற்றைக் கழற்றி எறிவது ஊர் வைத்தியம். கீழ்ப்பக்கம் சின்னத் தட்டு வைத்த தெர்மோஸ்ரற் என்றால் அந்தத் தட்டுத்தான் சுற்றுவழியை மூடுகிறது. கழற்றினால் தண்ணி ரேடியேற்றருக்குப் போகாமல் குறுக்கே ஓடி, சூடு இன்னும் கூடும்.

கிணற்றுத் தண்ணி ஊற்றாதீர்கள். கேத்தலின் அடியில் ஒரு வருசத்தில் பிடிக்கிற வெள்ளைப் படையைச் சுரண்டிப் பார்த்தவர்களுக்குக் காரணம் சொல்லத் தேவையில்லை. அதே படைதான் ஹெட்டுக்குள் நொசிலைச் சுற்றியும் வால்வுகளுக்கு நடுவிலும் பிடிக்கிறது, சூடு எங்கே கூடவோ அங்கே தடிப்பாக. கூலன்ற்றோடு வடித்த தண்ணி கலவுங்கள், இல்லையென்றால் மாரியில் கூரை நன்றாகக் கழுவுப்பட்ட பிறகு பிடித்த மழைத்தண்ணி. காலபோக அறுவடைக் காலத்தில் ரேடியேற்றரின் முன்முகத்தில் பதர் போர்வையாக மூடும். பின்பக்கத்திலிருந்து முன்னுக்குத் தண்ணி அடித்துக் கழுவவேண்டும். முன்னிருந்து அடித்தால் பதர் உள்ளே இறுகும்.

டீசல் எஞ்சின் திறொட்டில் இல்லாமல் எப்போதும் முழு மூச்சு எடுக்கிறது. கிரவல் வீதித் தூசு எயார் கிளீனருக்குப் பின்னால் ஒரு தளர்ந்த கிளிப்பால் நுழைந்தாலும் றிங்கை அரைத்துவிடும். ஓடி ஒரு கிழமையில் கிளீனருக்கும் மனிபோல்ட்டுக்கும் இடையிலுள்ள ஹோஸைக் கழற்றி, உள்ளே விரலில் வெள்ளைத் துணி சுற்றித் துடையுங்கள். துணி செம்மண் நிறமானால் எங்கோ கசிகிறது. யப்பானிலிருந்து வந்த எஞ்சின்களில் உள்ளிழுக்கும் வாயில் ஒரு தகட்டு வால்வு இருந்தால் அது முழுதாகத் திறந்து நிற்கிறதா என்றும் அப்போது பார்த்துவிடுங்கள். பாதி மூடி நின்றால் கறுத்தப் புகை நிற்காது.

முதல் ஸ்ராட்

ஒயில் 15டபிள்யூ-40, டிப்ஸ்ரிக்கின் மேல்கோடு வரை. சொலினொயிட் வயரைக் கழற்றிவிட்டுப் பத்து வினாடி, இடைவிட்டுப் பத்து வினாடி என்று ஒயில் லைற் அணையும்வரை சுற்றுங்கள். பிறகு வயரைப் பூட்டி, பில்ரர் தலையிலுள்ள கைப்பம்பை இறுகும்வரை அமத்துங்கள். நான்கு நொசில் நட்டையும் அரைச்சுற்றுத் தளர்த்தி, சுற்றும்போது டீசல் துள்ளினதும் ஒவ்வொன்றாக இறுக்குங்கள். கசிவு பார்க்கும்போது கையால் தடவவேண்டாம். அந்த அழுத்தத்தில் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போகும். மட்டைத் துண்டு பிடித்துப் பாருங்கள். காற்று வாயை மூட ஒரு தட்டைப் பலகை பக்கத்தில் இருக்கட்டும். டீசல் நிற்க மறுத்து வேகம் ஏறினால் சாவி உதவாது, காற்றை மறித்தால்தான் நிற்கும்.

இரவு நின்று காலையில் நீண்டநேரம் சுற்றினால்தான் வருகிறதென்றால், குழாயில் காற்று புகுந்து டீசல் ராங்கிக்கு இறங்கிவிடுகிறது. பில்ரருக்கும் பம்புக்கும் இடையில் ஒரு சாண் வெளித்தெரிகிற குழாயைச் சொருகி ஓடவிட்டுப் பாருங்கள். சுத்தமாக ஓடவேண்டிய இடத்தில் கடுகுபோல் குமிழி வரிசையாக வந்தால் அதற்கு முன்னாலுள்ள ஒரு கிளிப்தான் பிழை. நீலப்புகை ஒயில் எரிவது. ஓடும்போதும் நிற்காத வெள்ளைப்புகை பெரும்பாலும் பம்ப் நேரம் பின்தங்கினது. சுள்ளென்ற தட்டுச் சத்தம் நேரம் முந்தினது. காதால் நேரம் வைக்காமல் பம்பின் பின் துளையில் டயல் மீற்றர் பூட்டி, அந்தப் பம்புக்குரிய அளவில் வையுங்கள்.

பத்திரங்களை எஞ்சின் வாங்கும் அன்றே தொடங்குங்கள். எஞ்சின் இலக்கம் எழுதின விற்பனைப் பற்றுச்சீட்டும் இறக்குமதிப் பத்திரப் பிரதியும் இல்லாத எஞ்சினை எடுக்கவேண்டாம். மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் எஞ்சின் இலக்கமும் எரிபொருள் வகையும் பதிவுப் புத்தகத்தில் மாறவேண்டும். லீசிங்கில் உள்ள வாகனமென்றால் அந்தக் கம்பனியின் கடிதமும் தேவை. புத்தகத்தில் பெற்றோல் என்றே கிடந்தால் வருசா வருசம் புகைப் பரிசோதனையிலும் விற்கும்போதும் இழுபடும்.

முதல் 1000 கிலோமீற்றரில் ஒயிலும் ஒயில் பில்ரரும் மாற்றுங்கள். அப்போது மவுண்ட் போல்ற்களையும், புரொப்பெலர் சாப்ட் போல்ற்களையும், வக்கியூம் பம்ப் ஹோஸின் கிளிப்களையும் ஒருமுறை இறுக்கி, ஒட்டுப்போட்ட பிறக்கற்றுகளின் ஓரத்தைக் கம்பித் தூரிகையால் தேய்த்து மயிரிழை வெடிப்பு இருக்கிறதா என்று ரோர்ச் அடித்துப் பாருங்கள். வெடிப்பு வருவதென்றால் இந்தத் தூரத்துக்குள் வந்திருக்கும்.